தொப்பியும் பட்டாவும்

(மகாசுவேதா தேவியின் ‘காட்டில் உரிமை’யை முன்வைத்து)

பாதிரியாரைப் பற்றி நமக்குத் தெரிந்த வாக்கியங்கள் இரண்டுதான். ஒன்று, அவர் தமிழுக்குத் தொண்டு செய்தார். மற்றது, அவர் மதம் மாற்ற வந்தார். முதலாவதை மேடையில் சொல்கிறோம், இரண்டாவதைத் திண்ணையில். ஒரே மனிதர் ஒரே நாளில் இரண்டையும் சொல்லக் கேட்டதுண்டு. இவ்விரண்டு வாக்கியங்களுக்கும் வெளியே ஒரு பாதிரியார் இருந்திருக்க வேண்டும். ஊர்க்காரனின் நிலத்துக்காக மனு எழுதியவர். மனு தள்ளுபடியானதும் அதே ஊர்க்காரனை நன்றிகெட்டவன் என்று ஏசியவர். வருஷக் கடைசியில் தன் மேலிடத்துக்கு எல்லாம் க்ஷேமமாக நடப்பதாக அறிக்கை அனுப்பியவர். எனக்குத் தெரிந்து இவர் தமிழ் நாவலில் முழு மனிதராக நடமாடியதில்லை.

இந்த இல்லாமையை உறைக்கச் செய்தது ஒரு வங்காள நாவல். மகாசுவேதா தேவியின் ‘அரண்யேர் அதிகார்’ 1977-ல் புத்தகமாக வந்தது. 1979-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. தமிழில் ‘காட்டில் உரிமை’. சோட்டா நாக்பூரில் ஆங்கிலேயர்களையும் ஜமீன்தார்களையும் எதிர்த்து எழுந்த பிர்ஸா முண்டாவின் கதை. இங்கே இதைப் படித்தவர்கள் அநேகமாக எல்லாரும் ‘புரட்சி நாவல்’ என்று ஒரு சீட்டை ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டார்கள். அப்படி ஒட்டினால் நாவலின் பாதி கண்ணில் படாமல் போய்விடும். இது மிஷன் பள்ளியில் படித்த ஒரு பையன் மிஷனைவிட்டு வெளியேறிய கதையும்கூட. அந்த வெளியேற்றத்தை இந்நாவல் எப்படிப் புரிந்துகொள்கிறது, எங்கே புரிந்துகொள்ள மறுக்கிறது என்பதுதான் என் அக்கறை.

நாவல் பிர்ஸாவின் சாவில் தொடங்குகிறது. 1900 ஜூன் 9, ராஞ்சிச் சிறை. காலரா என்று சர்க்கார் எழுதிக்கொண்டது. செத்தவனுக்கு இருபத்தைந்து வயது நிரம்பவில்லை. கதாநாயகனை ஆரம்பத்திலேயே பிணமாகக் கிடத்திவிட்டு, அவன் வாழ்ந்ததைப் பிறகு சொல்ல வருவது துணிச்சலான காரியம். கல்கி தொடங்கி நம் சரித்திரக் கதைகள் உயிர்மூச்சாக வைத்திருக்கிற ‘அடுத்து என்ன’ என்ற ஆவலை மகாசுவேதா தேவி முதலிலேயே கைகழுவிவிடுகிறார். மிஞ்சுவது ‘எதனால்’ என்ற கேள்வி ஒன்றே. சரித்திர நாவலுக்கு அது ஒன்றே போதும்.

அவருக்கு ஆதாரம், குமார் சுரேஷ் சிங் 1966-ல் வெளியிட்ட பிர்ஸா இயக்க வரலாறு. இந்தக் கடனை அவர் மறைத்தவரில்லை. வரலாற்றாசிரியர் தேதிகளால் அடுக்கியதை நாவலாசிரியர் பசியால் அடுக்குகிறார். முண்டாக்களின் உணவு ‘காட்டோ’ என்கிற புல்தானியக் கஞ்சி. அதில் போட உப்புக் கிடைக்காது. சோறு திக்குவின் உணவு. ‘திக்கு’ என்பது முண்டாக்கள் வெளியாளுக்கு வைத்திருக்கும் பெயர். ஜமீன்தார், வட்டிக்காரன், வியாபாரி எல்லாரும் திக்குகளே. தமிழில் படிக்கும்போது இந்தச் சொல் காலை இடறுகிறது. நமக்குத் திக்கு என்றால் ஆதரவு. அங்கே திக்கு வந்து சேர்ந்த பிறகுதான் மனிதன் அனாதையாகிறான்.

காடு மானமிழந்த தாயாக வந்து பிர்ஸாவிடம் அழும் பகுதி பெரிதும் புகழப்பட்டிருக்கிறது. எனக்கு அது நாடகமாகவே பட்டது. உப்பில்லாத கஞ்சி ஏற்கனவே சொல்லிவிட்டதற்கு மேல் அந்தத் தாய் எதுவும் சொல்வதில்லை. வங்காளிகளுக்குத் தாய் என்றதும் ஒரு நெகிழ்ச்சி வந்துவிடுகிறது போலும். போகட்டும்.

மிஷன் நுழைவது இந்தப் பசியின் வழியாகத்தான். கோஸ்னர் மிஷனின் ஜெர்மானிய லூதரன் பாதிரிகள் ராஞ்சிக்கு வந்தது 1845-ல். நாற்பது வருஷம் கழித்து, 1885-ல், லீவன்ஸ் என்ற பெல்ஜிய நாட்டு ஏசு சபைப் பாதிரி வந்தார். குடியானவர்களின் நில வழக்குகளில் அவர் தலையிட்டார்; சட்டம் சொல்லிக்கொடுத்தார். ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். இதை ஆத்ம விழிப்பு என்று ஒரு தரப்பும், ஆசைகாட்டி மோசம் என்று மறு தரப்பும் இன்றுவரை வாதாடுகின்றன. முண்டாவின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் பொருந்தவில்லை. அவனுக்குக் கோர்ட்டின் பாஷை தெரியாது, பாதிரிக்குத் தெரியும். கலெக்டர் பங்களாவின் வாசலை அவன் மிதிக்க முடியாது, பாதிரி அங்கே உள்ளே போய் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறவர். ஆகவே அவன் அவரிடம் வக்காலத்துக் கொடுத்தான். ஞானஸ்நானம் அந்த வக்காலத்தில் வைத்த கைநாட்டு.

பிர்ஸா சாயிபாஸா மிஷன் பள்ளியில் 1886 முதல் நான்கு வருஷம் படித்தான். மிஷன் வைத்த பெயர் தாவூத். நிலத்துக்காக வருஷக்கணக்கில் மனுப்போட்டுக்கொண்டிருந்த முண்டாத் தலைவர்களை சர்தார்கள் என்பார்கள். கிறிஸ்தவர்களாக இருந்து சொன்னபடி நடந்தால் போன நிலம் திரும்பும் என்று அவர்களுக்கு மிஷன் நம்பிக்கை கொடுத்திருந்தது. நிலம் திரும்பவில்லை. சர்தார்கள் மிஷனைவிட்டு விலகியதும், நாட்ராட் என்ற பாதிரி அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்றார். பையன் எதிர்த்துப் பேசினான், வெளியேற வேண்டிவந்தது. எல்லாத் துரைமாருக்கும் ஒரே தொப்பிதான் என்று அவன் அப்போது சொன்னதாக வழங்கிவருகிறது.

மகாசுவேதா தேவியின் பார்வை துல்லியமாக இருப்பது இங்கேதான். பிரிவு தெய்வத்தைப் பற்றியதல்ல என்பதை அவர் கண்டுகொண்டிருக்கிறார். கிறிஸ்து அந்நியக் கடவுள் என்பது பிர்ஸாவின் புகார் அல்ல. பார்க்கப்போனால் மிஷனைவிட்டு வந்த பிறகுதான் மிஷன் அவனுக்குள் வேலைசெய்கிறது. ஒரே கடவுள், பலி வேண்டாம், வரப்போகிற ராஜ்யம், தீர்க்கதரிசியின் வார்த்தை — இவ்வளவும் சாயிபாஸாவில் ஏறியது. இடையில் ஒரு வைஷ்ணவரின் சகவாசத்தில் பூணூலும் மஞ்சள் வேட்டியும் வந்து சேர்ந்தன. இரண்டையும் எடுத்து மூன்றாவதாக ஒன்றைச் செய்து அவன் 1895-ல் ‘தர்த்தி ஆபா’, பூமியின் தந்தை, ஆகிறான். ‘பழங்குடிப் பண்பாட்டுக்குத் திரும்பினான்’ என்று நம் விமர்சகர்கள் எழுதுவது சோம்பேறித்தனம். திரும்புவதற்கு அவன் விட்டுவந்த வீடு அங்கே இல்லை. கையில் கிடைத்த சாமான்களைக் கொண்டு புதிதாக ஒன்றைக் கட்டினான்.

புகார் பட்டாவைப் பற்றியது. முண்டாக்களின் நில முறைக்குக் குந்த்கட்டி என்று பெயர். காட்டை முதலில் வெட்டித் திருத்திய வம்சத்துக்கு அந்த ஊர் சொந்தம். அதற்கு அத்தாட்சி காகிதமில்லை. முன்னோரைப் புதைத்த இடத்தில் கிடத்திய கல்தான் அத்தாட்சி. இந்தக் கற்களைத் தங்கள் உரிமைக்குச் சாட்சியாக முண்டாக்கள் கல்கத்தாவரை சுமந்துகொண்டு போனார்கள் என்று ஒரு செய்தி உண்டு. நிலப்பத்திரங்களை அடமானத்துக்குப் பரிசீலிக்கிற மேஜையில் உட்கார்ந்து பழகியவனுக்கு இந்தச் செய்தி வேறுமாதிரிப் படும். நாங்கள் மூலப்பத்திரம் கேட்போம், முப்பது வருஷத்து வில்லங்கம் பார்ப்போம். முப்பத்தொன்றாம் வருஷம் நிலம் யாரிடம் இருந்தது, எப்படிக் கைமாறியது என்பது பரிசீலனையில் வராது. கல்லுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. கல்லைச் சுமந்துவந்தவனைப் பார்த்துச் சிரித்த குமாஸ்தா கெட்டவனாக இருந்திருக்க வேண்டியதில்லை. அவனுடைய பதிவேட்டில் கல்லுக்கென்று ஒரு பத்தி இல்லை, அவ்வளவே. (2017, 2018-ல் குந்தி ஜில்லாவில் முண்டாக்கள் ஊர் எல்லையில் நட்ட கற்களில் அரசியல் சட்டத்தின் விதிகளைச் செதுக்கிவைத்தார்கள். தேசத் துரோக வழக்குகள் பாய்ந்தன. கல்லில் எழுதினால் ஒருவேளை பத்தி கிடைக்கும் என்று நினைத்திருக்கலாம்.)

பாதிரி இந்தக் கல்லுக்கும் பதிவேட்டுக்கும் நடுவில் நிற்கிறவர். கல்லின் பாஷையைக் கஷ்டப்பட்டுக் கற்றவர், பதிவேட்டின் பாஷையைப் பிறப்பால் கொண்டவர். மத்தியஸ்தம் பேச அவரைவிட்டால் ஆளில்லை. மத்தியஸ்தம் தோற்கும்போது எந்தப் பக்கத்துக்கு நகர்வார் என்பதில் சந்தேகமும் இல்லை. அவருடைய அவலம் இது. தொப்பி ஒன்றுதான் என்று பிர்ஸா சொன்னது உண்மை. ஒரு பதினைந்து வயதுப் பையன் கோபத்தில் சொல்லக்கூடிய மிகக் கூர்மையான உண்மை.

ஆனால் நாவலாசிரியருக்குப் பதினைந்து வயதில்லை. என் முறையீடு இங்கே தொடங்குகிறது. பிர்ஸாவின் வாக்கியத்தை மகாசுவேதா தேவி தன்னுடைய வாக்கியமாகவே எடுத்துக்கொண்டுவிடுகிறார். சாயிபாஸாவை விட்ட கணத்திலிருந்து பாதிரிகள் நாவலில் தொப்பிகளாகிவிடுகிறார்கள். வருகிறார்கள், பயப்படுகிறார்கள், போலீஸுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். தொப்பிக்குக் கீழே முகம் கிடையாது.

வெள்ளைப் பாதிரியின் முகத்துக்கு எதற்காகப் பக்கம் ஒதுக்க வேண்டும், அவர்கள் தங்களைப் பற்றி எழுதிக்கொண்ட புத்தகங்கள் போதாதா என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. பாதிரிக்குக் கருணை காட்டச் சொல்லவில்லை. பிர்ஸாவுக்காகத்தான் அந்த முகம் வேண்டியிருக்கிறது. தாவூத் என்று கூப்பிடப்பட்டவன் அந்தப் பெயரில் நான்கு வருஷம் இருந்தான். எழுத்தைக் காட்டிக்கொடுத்த கை ஒன்று இருந்தது. அந்தக் கையை உதறியபோது அவனுக்குள் ஏதாவது கிழிந்திருக்க வேண்டும். எதிராளி வெறும் தொப்பி என்றால் கிழிவதற்கு ஒன்றுமில்லை. ஒரு தொப்பியை உதறுவது யாருக்கும் சுலபம். பாதிரியைச் சப்பையாக்கியதால் சேதமானது பாதிரியல்ல, பிர்ஸாதான். அவனுடைய வெளியேற்றத்துக்கு விலை குறைந்துவிட்டது.

கோபம் குறையாமல் முகமும் கொடுக்க முடியும் என்பதற்கு ஆதாரமாக சினுவா அச்சிபி இருக்கிறார். 1958-ல் வெளிவந்த அவருடைய முதல் நாவல் தமிழில் ‘சிதைவுகள்’ என்று கிடைக்கிறது. அதில் பிரௌன் என்ற பாதிரி ஊர்ப் பெரியவரோடு உட்கார்ந்து கடவுளைப் பற்றிச் சாவகாசமாகப் பேசுகிறார், பள்ளிக்கூடம் கட்டுகிறார், வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அனுப்பச் சொல்கிறார். நல்ல மனிதர். அவர் நல்லவராக இருப்பதால்தான் அந்த ஊர் பிளக்கிறது. பின்னால் வருகிற ஸ்மித் முரடர். அவர் வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. 1964-ல் வந்த ‘ஆரோ ஆஃப் காட்’ இன்னும் ஆழமானது. பூசாரி எஸெயுலு தன் மகனையே மிஷனுக்கு அனுப்புகிறான், வெள்ளைக்காரனின் ரகசியத்தைப் பார்த்துவர ஒரு கண் வேண்டுமென்று. கடைசியில் கிழங்கு அறுவடைக்கு நாள் குறிக்கப் பூசாரி மறுக்கிறான், ஊர் பட்டினி, அறுவடைக் காணிக்கையை எங்கள் கடவுளுக்குக் கொடுத்துவிட்டு அறுத்துக்கொள்ளுங்கள் என்கிறது மிஷன். பிரசங்கத்தால் ஆகாதது கிழங்கால் ஆகிவிட்டது. பைபிள் அங்கே கிழங்கு தோண்டும் உத்தரவாக ஊருக்குள் வருகிறது. இப்படியொரு காட்சியை எழுத உப்பையும் கஞ்சியையும் பார்க்கத் தெரிந்த மகாசுவேதா தேவிக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. எழுதவில்லை.

எழுதாமல் விட்டதில் பெரிய நஷ்டம் ஹாஃப்மன். ஜான் பாப்டிஸ்ட் ஹாஃப்மன், பெல்ஜிய ஏசு சபை மிஷனில் வேலைசெய்த ஜெர்மானியர். 1899 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, பிர்ஸாவின் ‘உல்குலான்’, அந்த மகா கலகம், வெடித்தபோது ஸர்வதாவில் இருந்த மிஷன் வளாகத்துக்குள் அம்புகள் பாய்ந்தன. ஹாஃப்மன் தப்பினார். பதினாறு நாளில், 1900 ஜனவரி 9-ல், டொம்பாரி மலைப் பக்கம் முண்டாக் கூட்டத்தின்மேல் துப்பாக்கிச் சூடு. பிப்ரவரியில் பிர்ஸா பிடிபட்டான். இதுவரை நாவலில் இருக்கிறது. நாவலின் காலம் 1900-ஐ ஒட்டி முடிந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு நடந்தது: முண்டாக்களின் நில முறையைக் காகிதத்தில் கொண்டுவரும் வேலையில் சர்க்காருக்கு ஹாஃப்மன் உதவினார். 1908-ல் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் வந்தது. குந்த்கட்டிக்குப் பதிவேட்டில் ஒரு பத்தி கிடைத்தது. ஆதிவாசி நிலம் வெளியாளுக்குப் போவதைத் தடுக்க இன்றைக்கும் அங்கே கையிலிருக்கிற ஆயுதம் அந்தச் சட்டம்தான். 2016-ல் ஜார்க்கண்ட் அரசு அதைத் திருத்தப் போனபோது எழுந்த எதிர்ப்பில் மறுவருஷம் பின்வாங்கியது. 1909-ல் ஹாஃப்மன் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கினார், வட்டிக்காரனிடமிருந்து ஜனங்களை மீட்க. இந்த இடத்தில் என் தொழில் காரணமாக எனக்கு ஒரு சின்ன ஆனந்தம். அம்புக்குத் தப்பிய மனிதன் அம்பு எய்தவர்களுக்காகக் கணக்குப் புத்தகம் திறக்கிறான். மனமாற்றமா, பயமா, கத்தோலிக்க சபையின் வியூகமா? மூன்றும் கலந்த ஒன்றா? இதைக் கேட்பதற்குத்தான் நாவல் என்ற உருவமே இருக்கிறது. வரலாற்றாசிரியர் இதைக் கேட்டால் ஆதாரம் எங்கே என்பார்கள்.

இன்னும் இருக்கிறது. முதல் உலக யுத்தம் வந்தது. 1915-ல் பிரிட்டிஷ் சர்க்கார் ஹாஃப்மனை எதிரி நாட்டான் என்று தேசத்தைவிட்டு வெளியேற்றியது. கோஸ்னர் மிஷனின் ஜெர்மானியர்களும் போனார்கள். அவர்கள் விட்டுச்சென்ற சபை 1919-ல் தன்னைச் சுயேச்சையான சபையாக அறிவித்துக்கொண்டு முண்டாக்கள், ஓராவோன்கள் கைக்கு வந்தது. தொப்பி ஒன்றுதான் என்ற வாக்கியத்தை இருபத்தைந்து வருஷத்தில் சாம்ராஜ்யமே திருத்திவிட்டது: ஜெர்மன் தொப்பி வேறு, ஆங்கிலத் தொப்பி வேறு. ஊருக்குப் போன ஹாஃப்மன் சாகும்வரை முண்டாரி மொழிக் கலைக்களஞ்சியத்துக்காக உழைத்தார். 1928-ல் இறந்தார். தொகுதிகள் அதன் பிறகு வெளிவரத் தொடங்கின. முண்டா ஊரில் இல்லாமல், முண்டா பேச்சைக் காதால் கேட்க வழியில்லாமல், ஜெர்மனியில் உட்கார்ந்து முண்டாச் சொற்களுக்கு அர்த்தம் எழுதிக்கொண்டிருந்த கிழவர். பிர்ஸாவின் கதையில் இந்தக் கிழவருக்கு இடமில்லை என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

*

இந்தக் குறையைச் சொல்லும் யோக்கியதை நமக்கு உண்டா என்பது வேறு கேள்வி. மகாசுவேதா தேவி பாதிக் கிணறாவது தாண்டினார். நாம் கிணற்றங்கரைக்கே போகவில்லை.

1968-ல் உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் வீரமாமுனிவருக்கும் கால்டுவெல்லுக்கும் போப்புக்கும் சிலை வைத்தோம். சிலை வைத்தபின் அவர்களைப் பற்றி நாவல் எழுத வேண்டிய கட்டாயம் தீர்ந்துவிட்டது. ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்தான் 1849-ல் ‘திருநெல்வேலிச் சாணார்கள்’ என்ற புத்தகத்தையும் எழுதினார். தான் ஊழியம் செய்த ஜனங்களை அதில் எப்படி வர்ணித்திருந்தார் என்பது அவர்கள் இங்கிலீஷ் படித்தபிறகு அவர்களுக்கே தெரியவந்து பெரிய கொந்தளிப்பானது. இலக்கணக் கால்டுவெல்லும் இந்தக் கால்டுவெல்லும் இடையன்குடியில் ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள். அவர்களைச் சந்திக்கவைக்க ஒரு நாவலாசிரியர் வேண்டும்.

அதே சீமையில் அருமைநாயகம் என்கிற சட்டாம்பிள்ளை இருந்தார். உபதேசியாராகப் படித்தவர். பாதிரியோடு மோதி வெளியேறியவர். 1857-ல் பிரகாசபுரத்தில் இந்து கிறிஸ்தவ சபை என்று தனியாக ஒன்றைத் தொடங்கினார். பைபிளை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரனை விலக்கினார். ஐரோப்பியப் பழக்கங்களைக் களைந்து, யூத முறைகளை எடுத்து, ஞாயிற்றுக்கிழமையை விட்டுச் சனிக்கிழமையை ஓய்வுநாளாக்கினார். கலகம் செய்யாத பிர்ஸா என்று சொல்லலாம். பிர்ஸா பிறப்பதற்குப் பதினெட்டு வருஷம் முந்தி. வங்காளியின் நாவல் வழியாகச் சோட்டா நாக்பூருக்குப் போய் வியந்துவருகிற வாசகனுக்கு இந்தப் பெயர் தெரியாது.

நம் பழங்குடி நாவல்களிலும் பாதிரி தட்டுப்படுவதில்லை. ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ (1963) படகர்களின் மாற்றத்தைச் சொல்கிறது. ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’யில் (2004) காட்டிலாகாவும் போலீஸும் வருகின்றன. இரண்டும் மதிக்கத்தக்க முயற்சிகள். ஆனால் நிலத்துக்கும் வேதத்துக்கும் காகிதத்துக்கும் முடிச்சு விழுகிற இடம் அவற்றின் களமல்ல.

அந்த முடிச்சு விழுந்த இடம் நான் இதை எழுதுகிற இந்த ஜில்லா. செங்கல்பட்டில் மலையும் இல்லை, முண்டாக்களும் இல்லை. ‘பூர்வத் தமிழர்’ என்று அயோத்திதாசர் பெயரிட்டுக்கொண்ட ஜனங்கள் இருந்தார்கள், உழுதார்கள், உழுத நிலத்தில் ஒரு காணி அவர்களுடையதல்ல. இங்கே மிராசு முறை. தரிசு நிலத்துக்கு யாராவது தர்க்காஸ்து போட்டால் முதல் பாத்தியதை மிராசுதாரருக்கு. ஆகவே பறையர் போடும் மனு போட்ட இடத்திலேயே செத்துப்போகும். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி போன்ற பாதிரிகள் 1890-ஐ ஒட்டி இதைப் பற்றிச் சத்தம்போட ஆரம்பித்தார்கள். அதைக் கேட்ட கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-ல் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலையைப் பற்றி ஒரு குறிப்பெழுதினார். 1892-ல் சர்க்கார் உத்தரவு வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வதன் பூர்வோத்தரம் அதுதான்.

ரூபா விஸ்வநாத் 2014-ல் வெளியிட்ட ஆய்வு நூலில் இந்தக் கதை ஆவணங்களோடு இருக்கிறது. அதில் என்னைப் பிடித்துக்கொண்ட விஷயம் பாதிரிகளின் சங்கடம். சேரியிலிருந்து வருகிறவன் நிலத்துக்காக வருகிறானா, ஆத்மாவுக்காக வருகிறானா? நிலத்துக்காக என்றால் அவன் மாற்றம் பொய். ஆத்மாவுக்காக மட்டும் என்றால் நிலமில்லாமல் அவன் பண்ணையடிமையாகவே ஜெபித்துக்கொண்டிருக்க வேண்டும். வந்தவனுக்கு இந்தப் பிரிவினையே விளங்கியிருக்காது. சோறும் கடவுளும் வேறுவேறு பதிவேடுகளில் வரவேண்டும் என்பது ஐரோப்பியரின் கணக்கு முறை.

மின்சார ரயிலில் மறைமலை நகருக்கு அடுத்த ஸ்டேஷன் சிங்கப்பெருமாள்கோயில். அந்தப் பக்கத்தில் மெல்ரோசாபுரம் என்று ஒரு ஊர். ஸ்காட்லாந்தில் இருக்கிற மெல்ரோஸின் பெயரோடு ஒரு ‘புரம்’ சேர்த்து, நிலமில்லாதவர்களுக்காக ஆண்ட்ரூ உண்டாக்கிய குடியேற்றம். தனித்தமிழ் இயக்கத்து முன்னோடி பெயரில் ஒரு நகரம், அதன் அருகில் ஸ்காட்லாந்துப் பெயரில் ஒரு கிராமம், இரண்டையும் சுற்றி ஒரகடம்வரைக்கும் கார்த் தொழிற்சாலைகள். நிலம் ஏக்கர் கணக்கிலிருந்து சதுர அடிக் கணக்குக்கு மாறிவிட்டது. பஞ்சமி நிலத்தைப் பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார்கள். அப்படியும் அது கைமாறிப்போனதைக் கேட்டு எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10-ல் போலீஸ் சுட்டு இருவர் இறந்தார்கள். காரணை, இதே செங்கல்பட்டுச் சீமை.

ஜெயமோகனின் ‘வெள்ளையானை’ (2013) இந்த மண்ணுக்குக் கிட்டத்தில் வந்த நாவல். பஞ்ச காலம், சென்னை ஐஸ் ஹவுஸில் வேலைசெய்த தலித் தொழிலாளிகள், பஞ்சத்தைப் பார்க்கச் செங்கல்பட்டுச் சாலையில் வரும் ஏய்டன் என்ற ஐரிஷ் கேப்டன். அந்தச் சாலைக் காட்சிகளின் உக்கிரத்தை மறுப்பதற்கில்லை. என் மனத்தாங்கல் ஒன்றே: பார்க்கிற கண் வெள்ளைக்காரனின் குற்றவுணர்வு. செத்துக்கொண்டிருப்பவர்கள் அந்தக் குற்றவுணர்வுக்கு எரிபொருளாகிறார்கள். மகாசுவேதா தேவி வெள்ளைக்காரனுக்கு முகம் கொடுக்கவில்லை, ஜெயமோகன் நிறையவே கொடுத்துவிட்டார். மனு எழுதுகிறவனும் எழுதிக்கொடுக்கிறவரும் ஒரே மேஜைக்கு இரண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற காட்சி இரண்டிலும் இல்லை.

இதெல்லாம் பழைய கதை என்று தள்ளவும் முடியாது. திருச்சி ஜில்லாவில் பிறந்த ஒரு தமிழர், ஏசு சபைப் பாதிரி, ஸ்டேன் சுவாமி, ராஞ்சியில் ஆதிவாசி நில உரிமைக்காக வேலைசெய்தார். 2020 அக்டோபரில் கைதானார். நடுக்கவாதத்தால் கோப்பையைப் பிடிக்க முடியாத கைக்கு உறிஞ்சுகுழல் கேட்டு மனுப்போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5-ல் ஜாமீன் கிடைக்காமலே காவலில் இருந்தபடி மும்பையில் ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது எண்பத்து நாலு. பிர்ஸாவின் ஊரில் இந்தத் தடவை பாதிரி நின்ற பக்கம் வேறு. மேடை வாக்கியத்திலும் இவர் அடங்குவதில்லை, திண்ணை வாக்கியத்திலும் அடங்குவதில்லை. தமிழ் இலக்கணம் எழுதாததால் சிலையும் கிடைக்காது. நம் இலக்கியப் பத்திரிகைகளில் இரங்கல் குறிப்புகள் வந்தன. பாத்திரமாக இவரைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

யோசிக்கிறவர்கள் பாதிரியிலிருந்தும் தொடங்க வேண்டாம், கலகக்காரனிலிருந்தும் தொடங்க வேண்டாம் என்று தோன்றுகிறது. ‘காட்டில் உரிமை’யில் எனக்கு மிகவும் உயிருள்ளவனாகப் பட்டவன் அமூல்யா. மிஷனில் வளர்ந்தவன், சிறையில் உத்தியோகம் பார்க்கிறவன், பிர்ஸா சாவதைக் கிட்டத்திலிருந்து பார்க்கிறவன். கலகத்தில் சேராத, தொப்பியும் போடாத, சம்பளம் வாங்குகிற மனிதன். அவன் வரும் பக்கங்களில் மகாசுவேதா தேவியின் குரல் தணிந்து, வாக்கியங்கள் சந்தேகத்தோடு நடக்கின்றன. செங்கல்பட்டில் இந்த ஸ்தானத்தில் இருந்தவர் உபதேசியார். அவரே சேரியில் பிறந்து எழுத்துக் கற்றவராக இருப்பார். பாதிரி தமிழில் தடுமாறும்போது எடுத்துக்கொடுத்தவர் அவர். ஜனங்கள் சொன்னதைத் தர்க்காஸ்தாக எழுதியவர் அவர். மிராசுதாரர் ஆள் வந்து மிரட்டினால் முதல் அடி விழுந்ததும் அவர் முதுகில்தான். மிஷன் அறிக்கைகளில் அவர் பெரும்பாலும் பெயரில்லாமல், சுதேச ஊழியர் என்ற வகையில் சம்பளப் பட்டியலில் வருகிறார். மாதம் இத்தனை ரூபாய் என்று எதிரே போட்டிருக்கும்.